துபேஜியின் தமிழ்

"இன்னும் ரெண்டே பேர்தான் ஐயா" என்று திரவியம் என் காதில் சொல்லிவிட்டுப் போகிறான், இதையே நாலு பேருக்கு முன்னாலும் சொன்னான், மாவட்டத் தலைவராக ஆகிவிட்டால் எண்ணிக்கை மறந்துபோகும் போலிருக்கிறது. பேசுகிறவன் ஒவ்வொருவனும் மேடையில் இருக்கிற இருபத்தேழு பேரையும் அவர்களே அவர்களே என்று விளித்து முடிப்பதற்குள் பந்தல் காலின் நிழல் ஒரு முழம் நகர்ந்துவிடுகிறது. என் பெயரை மட்டும் ஒருவனும் விளிக்கவில்லை. அது பழக்கம்தான், மைக்குக்கு யாராவது அவர்களே போடுவார்களா. துபேஜிக்குக் கல்யாண மண்டபத்திலிருந்து கொண்டுவந்த சிவப்பு வெல்வெட் நாற்காலி, அவர் இந்தியைத் தமிழாக்கிச் சொல்கிற எனக்கு அவருடைய இடது பக்கத்தில், அரை அடி பின்தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்பத்தேழு வருஷமாக அந்த அரை அடி மாறவே இல்லை. அவர் இணையமைச்சர் ஆனார், கேபினட் ஆனார், கட்சி மாறினார், திரும்பி வந்தார், இதய அறுவை செய்துகொண்டார், எண்பத்தெட்டு வயதில் பொதுவாழ்வில் அறுபதாண்டு என்று ஊர் ஊராக மாலை வாங்கிக்கொண்டு இருக்கிறார், நான் அரை அடி பின்னாலேயே இருந்துகொண்டிருக்கிறேன். முழங்கால் மரத்துப்போய்விட்டது. எழுந்து நிற்கும்போது தடுமாறினால் சிரிப்பார்கள். மூத்திரம் வேறு முட்டுகிறது, கிளம்பும்போது இரண்டாவது காப்பி குடித்திருக்கக் கூடாது, மேடையை விட்டு இறங்கிப் போனால் அதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள், துபேஜி எழுந்து நின்று இடது பக்கம் திரும்பிப் பார்ப்பார், நாற்காலி காலியாக இருக்கும், அந்தப் பார்வைக்கு எனக்கு என்ன பயமோ, அவர் என்ன என்னைத் தூக்கிலா போடப்போகிறார். மடியில் கண்ணாடிக்கூடு இருக்கிறது. அதன் அடியில் அந்தத் துண்டுச் சீட்டு இருக்கிறது.

சீட்டு வந்து அரை மணி நேரம் ஆகிறது. பெண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கத்திலிருந்து கை மாறிக் கை மாறி வந்தது, தொண்டர் ஒருவர் மேடை ஓரத்தில் எக்கி, "ஐயா, உங்களுக்குத்தான்" என்று நீட்டினார். எனக்கு எதற்கு வரப்போகிறது. கூட்டத்தில் எழுதி அனுப்புகிற சீட்டெல்லாம் தலைவருக்கு, தலைவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் என் கைக்கு, அவ்வளவுதான். நான் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்த்துத்தான் தெரியவேண்டும் என்று இல்லை. எதிரே வேப்பமரத்தடியில் ஊத்தடிப்பட்டிக்காரர்கள் எண்பது தொண்ணூறு பேர் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள், எனக்குக் கண்ணில் புரை இருந்தாலும் அந்த எழுத்துகள் தெரியும் அளவுக்குப் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறார்கள், "1983இல் கொடுத்த வாக்கை நிறைவேற்று". அதைத்தான் சீட்டிலும் எழுதியிருப்பார்கள். துபேஜி அவர்களே, இதே மைதானத்தில், நிலம் கொடுக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை என்று வாக்குக் கொடுத்தீர்கள், என்ன ஆயிற்று. இதை நான் இந்தியில் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் என்ன பதில் சொல்வார் என்றும் தெரியும். மத்தியானம் விருந்தினர் மாளிகையிலிருந்து வரும்போது காரிலேயே சொல்லிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டே, "பண்டிட்ஜி, அந்த நிலத்து ஆட்கள் வந்திருக்கிறார்களாமே" என்றார். வந்திருக்கிறார்கள் என்றேன். "போன தடவை கொடுத்த மருந்தையே கொடுத்துவிடுங்கள். நல்ல மருந்து." அவ்வளவுதான், தூங்கிவிட்டார். எண்பத்தெட்டு வயதில் எத்தனை பேருடைய பெயர் மறந்துவிட்டது அவருக்கு, பெற்ற மகளைப் பார்த்து யாரம்மா நீ என்று கேட்டாராம், ஆனால் நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் மறக்கவில்லை. அந்த வாக்கை அவர் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். இது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், ஒருவர் வெல்வெட் நாற்காலியில் இருக்கிறார்.

நான் என்ன வேண்டுமென்றா இந்தி படித்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் போய்விட்டது, இந்தி பண்டிட் ஆனால் நிச்சயம் வேலை என்றார்கள், படித்தேன், இருபது வயதில் ஹைஸ்கூலில் சேர்ந்தேன், வேட்டியை மடித்துக் கட்டாமல் தெருவில் நடந்தேன், இரண்டரை வருஷம். பையன்களுக்குப் பாடம் எடுக்கிறதற்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் வடிவை உட்கார வைத்துப் பாடம் எடுத்துப் பார்ப்பேன். என் தங்கை, சண்முகவடிவு, பெரியவளானதும் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். சிலேட்டில் எழுதுவாள். எழுத்துகளை எழுதிவிட்டுக் கடைசியில் மேலே கோடு போடு என்றால் கேட்கமாட்டாள், முதலில் நீளமாகக் கோட்டை இழுத்துக்கொள்வாள், பிறகு கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தொங்கவிடுவாள். "உனக்குப் பரீட்சையில முட்டைதான்" என்பேன். "போட்டா அவிச்சுத் தின்னுக்கிடுதேன் போண்ணே" என்பாள். அறுபத்தெட்டில் பள்ளிக்கூடங்களில் இந்தி வேண்டாம் என்று ஆகிவிட்டது. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, அனுப்பியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். தோட்ட வேலை வகுப்பில் போட்டார்கள். பையன்களோடு கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டேன். நேற்று வரைக்கும் எழுந்து நின்று வணக்கம் சொன்னவன் மண்வெட்டியை நீட்டி, "சார், பாத்தி கட்டணுமா" என்று கேட்டான், கேட்டுவிட்டுச் சிரித்தான். ஒன்பது வருஷம் அப்படி. வாய்க்குள்ளே ஒரு மொழி ஊறிப் புளித்துப்போய்க் கிடந்தது, ஊரில் அதைப் பேச ஓர் ஆள் கிடையாது, கனவில் மட்டும் பேசினேன். அப்போதுதான் எழுபத்தேழில் இந்த மைதானத்துக்கு லோக்நாத் துபே வந்தார். எனக்கு நினைத்தால் இப்போதுகூட உடம்பு சிலிர்க்கிறது, அதுதான் வெட்கக்கேடு.

அன்றைக்கு மொழிபெயர்க்க வந்தவர் ஒரு வக்கீல். நாலாவது வாக்கியத்தில் வக்கீலுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. துபேஜி ஒரு வாக்கியம் பேசுவார், வலது கை ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்குவார், உன் முறை என்று அர்த்தம், வக்கீல் முழித்தார், துபேஜி மறுபடி விரலைத் தூக்கினார், வக்கீல் வேர்த்தார். கூட்டத்தில் யாரோ, "நம்ம கத்தரிக்காய் வாத்தியாரைக் கூப்பிடுங்க வே" என்று கத்தினார்கள். கேலிக்குத்தான் கத்தினார்கள். நான் ஏறிவிட்டேன். அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது, என்ன நிறம், என்ன உயரம், நெருக்கடி நிலையில் நாலு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்த ஆள் மாதிரியே இல்லை, ரோஜாப்பூத் தோட்டத்திலிருந்து வந்தவர் மாதிரி இருந்தார். விரலைத் தூக்கினார். நான் பேசினேன். என் குரல் நாலு ஒலிபெருக்கியில் மைதானத்தைச் சுற்றி வந்து என்னிடமே திரும்பி வந்தது, கூட்டம் கைதட்டியது. ஒன்பது வருஷமாகக் கத்தரிச் செடிக்குப் பேசியவனுக்கு இருபதாயிரம் பேர் கைதட்டினால் என்ன ஆகும். பைத்தியம் பிடிக்கும், பிடித்தது. நாலு மாதச் சிறை என் தமிழில் பத்தொன்பது மாதம் ஆனது அன்றைக்குத்தான். அவர் சிறைச் சாப்பாடு நன்றாக இல்லை என்றார், நான் புழு நெளிந்த கஞ்சி என்றேன். அவர் என் தாய் அழுதாள் என்றார், நான் அந்தத் தாயைக் கம்பிக்கு வெளியே முக்காடு போட்டு நிறுத்தி ரொட்டியை நீட்ட வைத்தேன், பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சியது. இருபதாயிரம் பேரில் இந்தி தெரிந்தவன் நான் ஒருவன். யார் கேட்கப்போகிறார்கள். அதற்குப் பிறகு தெற்கே எங்கே கூட்டம் என்றாலும் துபேஜி கேட்கிற முதல் கேள்வி மேரா பண்டிட் எங்கே என்பதுதான். இன்றைக்கும் டெல்லியிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார்களாம், இரண்டு மொழியும் எம்.ஏ., வேண்டாம் என்று என்னைத் தேடிக் காரை அனுப்பினார். மேரா பண்டிட். என்னுடைய பண்டிட். வீட்டுத் திண்ணைக் கூண்டில் இருக்கிற கிளியை என்னுடைய கிளி என்று சொல்வார்களே, அப்படித்தான், எனக்கோ அது பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

இப்போது பேசுகிறவன் துபேஜியின் வரலாற்றுக்கு வந்துவிட்டான். முப்பத்தொரு வயதில் நாடாளுமன்றம், பதினொரு தடவை நின்று ஒன்பது தடவை வெற்றி, நாலு துறைக்கு அமைச்சர், ஏழைகளின் தோழர், சொன்ன சொல் தவறாதவர். சொன்ன சொல் தவறாதவர். ஆமாம், அதில் பொய் இல்லை. நான் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன், மனிதர் ஒருநாளும் ஒரு சொல்லும் உறுதியாகச் சொன்னதில்லை. பார்க்கலாம், யோசிக்கலாம், கவனத்தில் இருக்கிறது, மேலே பேசியிருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்வாசல் வைத்துக் கட்டுவார். அறுபது வருஷம் அரசியலில் இருந்தால் அப்படித்தான் இருந்திருக்க முடியும், எத்தனை ஆட்சி போயிற்று, எத்தனை பேர் பேசிக் கெட்டார்கள், இவர் பேசியதை வைத்து இவரைப் பிடித்தவன் கிடையாது. வடக்கே கூட்டத்தில் அவரைக் கேட்டிருக்கிறேன், ஒருமுறை கூட்டிப்போனார், வெறும் தண்ணீர், உப்பு இல்லை, புளி இல்லை, ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். தெற்கே மட்டும் எப்படி இவ்வளவு செல்வாக்கு என்று அவருடைய கட்சிக்காரர்களே வியப்பார்கள். எனக்குத் தெரியும். இந்த ஜனங்கள் நாற்பது வருஷம் நேசித்த துபேஜி நான் கட்டிவிட்ட ஆள். அவருடைய கோபம் என் கோபம், தோட்ட வகுப்பில் மண்வெட்டியை நீட்டியவன்மேல் எனக்கு இருந்த கோபம். அவருடைய ஏழைத்தாய் என் அம்மா. அவரிடம் ஆள் இருந்தது, உயரம் இருந்தது, விரல் இருந்தது, நான் அதற்குள் புகுந்துகொண்டேன். குறை சொல்லவில்லை, யாரைச் சொல்ல.

எண்பத்து மூன்று மாசிமாதம். இதே மைதானம், இதே நேரம், இதே மாதிரி கழுத்தில் வெயில். ரயில் சக்கரம் செய்கிற தொழிற்சாலை வருகிறது, ஊத்தடிப்பட்டியில் அறுநூறு ஏக்கர் கரிசல் வேண்டும், ஜனங்கள் தரமாட்டோம் என்கிறார்கள், மந்திரி வந்து பேசினால் இளகுவார்கள் என்று கூட்டிவந்திருந்தார்கள். இளகவில்லை. கூட்டம் கல்லாக உட்கார்ந்திருந்தது. அவர் நாட்டு வளர்ச்சி என்றார், நான் என்னவெல்லாமோ ஜோடித்தேன், ஒரு கை தட்டவில்லை. ஆறு வருஷத்தில் எனக்கு அப்படி நடந்ததே இல்லை. கத்தரிக்காய் வாத்தியார் என்று யாரோ முணுமுணுத்த மாதிரி கேட்டது, உண்மையில் முணுமுணுத்தார்களோ இல்லையோ. அப்போது துபேஜி ஒரு வாக்கியம் சொன்னார், "நிலம் போகிறவர்களுக்கு என்ன செய்யலாம் என்று சர்க்கார் யோசிக்கும்." சொல்லிவிட்டு விரலைத் தூக்கினார். அந்த விரலுக்கும் என் வாய்க்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சைத்தான் நாற்பத்தொரு வருஷமாகத் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருக்கிறேன். யோசிக்கும் என்று எப்படிச் சொல்வது, கல்லெடுத்து எறிவார்களே. "நிலம் குடுக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை! இது நான் உங்களுக்குக் குடுக்கிற வாக்கு!" யார் சொன்னது, நானா, நான்தான். மைதானம் எழுந்து நின்றது. நாலு நிமிஷம் கைதட்டல், துண்டைத் தூக்கிப் போட்டார்கள், துபேஜி என்னவென்று தெரியாமலேயே கை கூப்பினார். திரும்பிப் போகும்போது காரில், "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார். பயந்துகொண்டே சொன்னேன். ரொம்ப நேரம் ஜன்னல் வழியாகப் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன வெள்ளிச் சிமிழை எடுத்தார், திறந்தார், ஒரு ஏலக்காயை என் உள்ளங்கையில் வைத்தார். "அச்சா. நீங்கள் சொன்னீர்கள். நான் சொல்லவில்லை" என்றார். திட்டியிருந்தால் அடுத்த ஊரிலேயே மாற்றிச் சொல்லியிருப்பேன். நான் அந்த ஏலக்காயைச் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

ஒரு சுவர் கட்டினார்கள், ஒரு காவல் கூண்டு, ஒரு பலகை. பத்தொன்பது பேருக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள், காவல் காக்க அங்கே சுவரைத் தவிர ஒன்றும் கிடையாது. எட்டாவது வருஷம் திட்டமே வேண்டாம் என்று ஆயிற்று. நிலம் திரும்பி வரவில்லை. இப்போது ஏதோ ஒரு கம்பெனி அதில் கண்ணாடிப் பலகைகளை வரிசையாக நட்டு வெயில் அறுவடை செய்கிறது, துடைக்க ஆள் வேறு மாநிலத்திலிருந்து வருகிறான். அந்தக் கம்பெனியில் வேலை வாங்கத்தான் அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், துபேஜி இன்றைக்கு வாயைத் திறந்து ஆமாம் சொன்னேன் என்றால் போதும், பிடித்துக்கொள்ளலாம் என்று. நிற்கட்டும். வாக்குக் கொடுத்தவன் அரை அடி பின்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தால் அட்டையாலேயே அடிப்பார்கள். ஆவுடையப்பனும் நிலம் கொடுத்தான். வடிவின் புருஷன். பதினொரு ஏக்கர், மிளகாயும் பருத்தியும் விளைந்த பதினொரு ஏக்கர். அந்த ஊரில் முதல் கையெழுத்து அவனுடையது, "மச்சான் வாயாலயே சொல்லியாச்சு, பெறவு என்ன வே யோசனை" என்று மற்றவர்களையும் இழுத்துவந்து போட வைத்தான். வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் பஸ் ஸ்டாண்டில் இரவல் நாற்காலி போட்டு மனு எழுதிக் கொடுத்தான், அடுத்தவனுக்கு எழுதும்போதும் நடுவில் தன் கதையைச் சொல்வானாம். தொண்ணூற்றி எட்டில் செத்துப்போனான். நான் போனேன். வடிவு என்னைப் பார்க்கவில்லை. எண்பத்து மூன்றிலிருந்தே அவள் என்னோடு பேசுவதில்லை, கல்யாணம் காட்சி எதிலும் பேசுவதில்லை.

அந்தப் பேச்சு நின்றதுதான் எனக்குப் புரியவே இல்லை. திட்டம் ஊற்றிக்கொண்ட பிறகு கோபப்பட்டால் சரி, நியாயம். அவள் கூட்டம் நடந்த மறுநாளே நிறுத்திவிட்டாள். அப்போது யாரும் எதையும் இழக்கவில்லை, ஊரே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தது. காலையிலேயே வந்தாள், உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றபடியே கேட்டாள். "அண்ணே, அவரு நெசமாவே அப்படித்தான் சொன்னாரா?" எனக்குச் சுருக்கென்றது. "பின்னே நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "எங்க வீட்டுல அவுக மத்தியானம் கையெழுத்துப் போடப் போறாக" என்றாள். "போடச் சொல்லு. நல்ல காரியம்" என்றேன், அதை எப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பதுதான் எனக்கு மறப்பதில்லை. சரி என்று போய்விட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு. இன்றைக்கு அவளும் வந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசை, வெள்ளைத் தலை, நீலச் சேலை, அம்மா மாதிரியே ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, புரைக் கண்ணுக்கு எல்லாக் கிழவியும் அம்மா மாதிரிதான் இருக்கும். அவள் பேரனும் அந்த வேப்பமரத்தடியில் அட்டை பிடித்துக்கொண்டு நிற்பான். நான் இன்றைக்கு அதே மருந்தைக் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும். ஆமாம், சொன்னேன், செய்வேன், ஆறு மாதம் பொறுங்கள். கைதட்டுவார்கள், வீட்டுக்குப் போவார்கள், துபேஜி விமானம் ஏறுவார், ஆறு மாதத்தில் இரண்டு பேரில் ஒருவராவது இருக்கமாட்டோம். உண்மையைச் சொன்னால் மட்டும் வேலை வரவா போகிறது. இவர்கள் கையில் இருப்பதே அந்த ஒரு வாக்குத்தான், அதையும் இல்லை என்று நான் பிடுங்குவதா. இப்படியெல்லாம் நியாயம் பேசக் கற்றுக்கொண்டது யாரிடம். பின்வாசல், பின்வாசல். எனக்கும் வந்துவிட்டது.

துபேஜி எழுந்துவிட்டார். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கிறார்கள். நானும் எழுந்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது, கண்ணாடிக்கூடு விழுந்தது, சீட்டும் விழுந்தது. குனிந்து சீட்டை எடுக்கிறேன். திரவியம், "ஐயா, அவங்க கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லிரணும், இல்லேன்னா கூட்டத்தை நடத்த விடமாட்டானுக" என்கிறான். சரி, பிரித்துத்தான் ஆகவேண்டும். பிரித்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துத் திருப்பினேன். தமிழ் இல்லை. இந்தி. பென்சிலால் நீளமாக ஒரு கோடு, கோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தொங்குகிறது, கொடியில் துணி காயப்போட்ட மாதிரி. "அண்ணா, அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு அப்போதே தெரியும். இன்றைக்காவது அவர் சொல்கிறதை மட்டும் சொல்." இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருக்கிறது. நான் பிழையைத்தான் முதலில் பார்த்தேன், வாத்தியார் புத்தி. பிறகுதான் காது அடைத்தது. எண்பத்து மூன்றில், இந்தி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நிமிர்ந்து நின்ற அந்தச் சாயங்காலம், பெண்கள் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருந்தாள், நான் சொல்லிக்கொடுத்த இந்தியோடு. கைதட்டல் நடுவில் தட்டாமல் உட்கார்ந்திருந்திருப்பாள். மறுநாள் காலையில் வாசற்படியில் அவள் கேட்டது சந்தேகத்தில் கேட்ட கேள்வி இல்லை. தெரிந்து கேட்டாள். அண்ணன் தானாகச் சொல்லட்டும் என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தாள், மத்தியானம் வரைக்கும் நேரம் கொடுத்தாள். புருஷனிடம் உன் மச்சான் புளுகுகிறான் என்று சொல்லியிருக்கலாம், பதினொரு ஏக்கர் நின்றிருக்கும். ஊர் முன்னால் அண்ணன் தலை குனியக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள், மூடியதைத் திறக்கவே இல்லை. நான் அவளைக் கோபக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"பண்டிட்ஜி" என்கிறார் துபேஜி. மைக் பக்கம் போய் நிற்கிறேன், அரை அடி பின்னால். கேள்வி என்ன என்று இந்தியில் கேட்கிறார். நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை என்னவாயிற்று என்று கேட்கிறார்கள் என்றேன், சீட்டில் எழுதாத கேள்வி, ஆனால் மைதானம் முழுக்க அதுதான் நிற்கிறது. அவர் தலையை ஆட்டுகிறார். மைக்கைப் பிடித்துக்கொள்கிறார், குரல் மட்டும் பழைய குரல். இந்த மண்ணை என்னால் மறக்க முடியாது என்றார். விரல். "இந்த மண்ணை என்னால மறக்க முடியாதுன்னு சொல்றார்" என்றேன். நாலைந்து கை தட்டல். உங்கள் தியாகம் நாட்டுக்குத் தெரியும் என்றார். அப்படியே சொன்னேன், ஒரு மயிரிழை கூட்டவில்லை, குறைக்கவில்லை, கைதட்டலே இல்லை. அவர் என் பக்கம் திரும்பிப் புருவத்தைச் சுருக்குகிறார். பிறகு, எனக்குத் தெரியும், வரும் என்று தெரியும், வந்தது. "உங்களுக்கு என்ன செய்யலாம் என்று சர்க்கார் யோசிக்கும்." விரலைத் தூக்கினார். அதே விரல், தோல் சுருங்கி, நகம் மஞ்சளாகி, அதே விரல். மருந்தைக் கொடு என்கிறது. மைதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது, அவரை இல்லை, என்னைத்தான், எப்போதுமே என்னைத்தான் பார்த்திருக்கிறார்கள். நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, ஆறு மாசத்துக்குள்ள, வீட்டுக்கு ஒருத்தருக்கு, இது வாக்கு. எவ்வளவு சுலபம். நாலு நிமிஷம் தட்டுவார்கள்.

"உங்களுக்கு என்ன செய்யலாம்னு சர்க்கார் யோசிக்கும்னு சொல்றார்" என்றேன். யாரும் அசையவில்லை. துபேஜி மறுபடி விரலைத் தூக்கினார், நான் இன்னும் சொல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டார் போல. நான் மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன், நாற்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக. "அவ்வளவுதான் சொல்றார். எண்பத்து மூணுலயும் இவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு ஒரு வேலைன்னு அவர் சொல்லல. அது நான், கோமதிநாயகம், என் இஷ்டத்துக்குச் சொன்னது." ஒலிபெருக்கியில் என் பெயர் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது, இந்த மேடையில் அதை விளித்தவன் நான் ஒருவன்தான். பிறகு வேப்பமரத்தடியில் ஓர் அட்டை கீழே விழுந்தது, ஒருவன், "ஏல, என்னல சொல்லுதான் கிழவன்" என்றான், அதற்கப்புறம் எல்லாரும் கத்த ஆரம்பித்தார்கள், என்ன கத்துகிறார்கள் என்று கேட்கவில்லை, திரவியம் என் கையைப் பிடித்து இழுக்கிறான், ஏதோ ஒன்று பறந்து வந்து மேடைத் துணியில் விழுகிறது, செருப்பு. துபேஜி சிரித்த முகத்தோடு கை கூப்பிவிட்டு என் பக்கம் குனிந்தார். இடது கையில் ஏலக்காய்ச் சிமிழ் திறந்து தயாராக இருந்தது. "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார், அன்றைக்குக் காரில் கேட்ட மாதிரியே. "நீங்கள் சொன்னதைச் சொன்னேன்" என்றேன். அவர் சிமிழை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாலாவது வரிசையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள், ஒரு நீலச் சேலை மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.